கனவுக்குள் இருக்கும்போதே அது கனவு என்று தெரிந்துகொள்ளப் பழக முடியுமா?

தாமிரபரணி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பா பஸ் கண்டக்டர், இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கனவில் வந்துவிடுவார். எப்போதும் ஒரே காட்சிதான். பாளையங்கோட்டையில் நாங்கள் முன்பு குடியிருந்த வாடகை வீட்டுத் திண்ணையில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து, தோல் பையைக் கவிழ்த்துச் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார், பக்கத்தில் டிக்கெட் கட்டுகள் கிடக்கும். நான் அவரைத் தாண்டி உள்ளே போவேன், வெளியே வருவேன், சாப்பிட்டாச்சா என்று கேட்பேன், அவ்வளவுதான். அவர் இப்போது இல்லை என்ற நினைப்பே அங்கே எனக்கு வராது. எழுந்த பிறகுதான், பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று நெஞ்சை அடைக்கும்.

போன வாரம் ஒரே ஒரு தடவை, திண்ணை ஏறும்போதே "அப்பாதான் இல்லையே, அப்படியானால் இது கனவு" என்று தோன்றிவிட்டது. தோன்றிய வேகத்தில் முழிப்பும் வந்துவிட்டது. இதற்கு லூசிட் டிரீம் என்று பெயர் என்பதே அப்புறம் தேடிப் படித்துத்தான் தெரிந்தது. வீடியோக்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரே ராத்திரியில் வரவைக்கலாம் என்கிறார் ஒருவர், உள்ளேயே மாட்டிக்கொண்டு திரும்ப வர முடியாமல் போகும் என்கிறார் இன்னொருவர். உண்மையில் இதைப் பழகி வரவைக்க முடியுமா? வந்தால் முழித்துவிடாமல் அங்கேயே நிற்பது எப்படி? எனக்கு வானத்தில் பறக்க எல்லாம் வேண்டாம், அப்பாவோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

பின்னிரவு:

தம்பி, பழக முடியும். பதினொரு வருடமாகக் கனவு நோட்டு எழுதுகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உள்ளே மாட்டிக்கொள்வது என்றெல்லாம் கிடையாது, உங்களுக்கே தெரியுமே, அங்கே நிற்பதுதான் கஷ்டம், வெளியே வருவது தானாக நடந்துவிடும்.

இது மனப்பிரமை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள், சோதனைக்கூடத்தில் நிரூபித்த விஷயம். நாம் நன்றாகக் கனவு காணும் ஆர்.இ.எம். தூக்கத்தில் கை கால் தசைகள் எல்லாம் தளர்ந்துபோய் அசையாது, ஆனால் கண் மட்டும் அசையும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். ஆலன் வோர்ஸ்லி என்பவர், கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி அசைப்பதாக முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு தூங்கினார், ஆள் நல்ல தூக்கத்தில் இருக்கும்போதே அந்த அசைவு கருவியில் பதிவானது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியாக இதையே செய்து காட்டினார். 2021இல் இன்னும் ஒரு படி மேலே போய், தூங்குகிறவரிடம் 8இல் 6 போனால் எவ்வளவு என்று கேட்க, அவர் கனவுக்குள்ளிருந்தே இரண்டு தடவை கண்ணை அசைத்துப் பதில் சொல்லியிருக்கிறார். முதல் தடவை அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, வழிக்கு வருகிறேன். எல்லோரும் கனவை அடக்கி ஆள்வதைப் பற்றியே பேசுகிறார்கள், உண்மையில் இது ஞாபகம் சம்பந்தப்பட்ட வேலை. ஆபீஸ் விட்டு வரும்போது கறிவேப்பிலை வாங்க வேண்டும் என்று காலையில் நினைத்துக்கொள்கிறோம், சாயங்காலம் காய்கறிக் கடையைப் பார்த்ததும் அது தானாக நினைவுக்கு வருகிறது இல்லையா, அதே வித்தைதான். கனவில் ஒன்றைப் பார்த்ததும் "இது கனவு" என்பது நினைவுக்கு வர வேண்டும். அதற்கு உங்கள் கனவில் அடிக்கடி வருவது எது என்று தெரிய வேண்டும், அதனால்தான் நோட்டு. எழுந்ததும் போனைத் தொடாதீர்கள், புரண்டுகூடப் படுக்காதீர்கள், அசையாமல் இருந்து கடைசிக் காட்சியைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் மீதி தானாக வரும். வந்ததை இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உங்களுக்கு அந்தத் தேடலே தேவையில்லை. அப்பா, திண்ணை, காக்கிச் சட்டை, எல்லாமே அடையாளம். அதைவிட முக்கியம் அந்த டிக்கெட் கட்டு. கனவில் எழுத்தும் எண்ணும் நிலையாக நிற்பது அபூர்வம், ஒரு தடவை படித்துவிட்டுக் கண்ணை விலக்கி மறுபடி பார்த்தால் பெரும்பாலும் வேறொன்றாக மாறியிருக்கும். அதனால் இன்றிலிருந்து பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போதெல்லாம் எண்ணைப் படியுங்கள், ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், திரும்பப் படியுங்கள். "இது கனவாக இருக்குமோ" என்று அந்த ஒரு நிமிடம் நிஜமாகவே சந்தேகப்பட வேண்டும். கடமைக்குச் செய்தால் கனவிலும் கடமைக்குத்தான் செய்வீர்கள். பஸ்ஸில் போகாத நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு வாயை மூடி மூச்சு விட்டுப் பார்க்கலாம், கனவில் மூச்சு சாதாரணமாகப் போகும், ஏனென்றால் கட்டிலில் இருக்கும் மூக்கை யாரும் பொத்தவில்லை.

நேரமும் முக்கியம். ஆர்.இ.எம். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வரும், விடியப்போகும் நேரத்தில் வருவதுதான் நீளம். பத்து மணிக்குப் படுத்தால் மூன்று, மூன்றரைக்கு எழுந்து, அதுவரை கண்ட கனவை நினைவுபடுத்திக்கொண்டு, "அடுத்து கனவு வரும்போது இது கனவு என்று எனக்கு நினைவு வரும்" என்று அர்த்தத்தை உணர்ந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டே மறுபடி படுங்கள். லபெர்ஜ் சொல்லிக்கொடுத்த முறை இது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி செய்த ஆய்வில், இந்த முறையையும் பகல் சோதனைகளையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் 17 சதவீத முயற்சிகளில் பலித்திருக்கிறது. சொல்லி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அதுவே 46 சதவீதம். ஆகவே ஒரே ராத்திரி என்பதெல்லாம் நம்பாதீர்கள், ஆனால் நடக்காத காரியமும் இல்லை.

முழிப்பு வராமல் இருக்க: கனவு என்று தெரிந்ததும் மனசு துள்ளும், அந்தத் துள்ளல்தான் எழுப்பிவிடுகிறது. உடனே அப்பாவிடம் ஓடாதீர்கள். நின்று, இரண்டு உள்ளங்கையையும் தேயுங்கள், திண்ணைத் தூணைத் தொடுங்கள், தரையின் சொரசொரப்பைப் பாதத்தில் உணருங்கள். கனவு உடம்பில் கவனம் இருக்கும்வரை படுக்கையில் கிடக்கும் உடம்பின் நினைப்பு வராது. எனக்கு ஆரம்பத்தில் பத்து விநாடி தாங்கியது, கை தேய்க்கப் பழகியபின் இரண்டு மூன்று நிமிடம்.

ஈரமண்:

பின்னிரவு அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் அந்த மூன்று மணி அலாரம் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். நான் நர்ஸ், நைட் டூட்டியால் ஏற்கெனவே தூக்கம் கெட்ட ஆள். இந்த ஆசையில் ஒரு மாதம் தினமும் அலாரம் வைத்து எழுந்தேன். நான்கு தடவை கனவு வந்தது, அழகாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பகலில் தலை கனத்தே கிடந்தது, ஒருநாள் மருந்து அளவை மூன்று தடவை சரிபார்த்தும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அன்றோடு விட்டேன். மறுநாள் லீவு இருந்தால் மட்டும், வாரத்தில் ஒரு ராத்திரி செய்யுங்கள் தம்பி, அது போதும்.

இன்னொன்று, இப்படி எழுந்து படுக்கும்போது சிலருக்கு அமுக்குவான் வரும். கண் திறந்திருக்கும், அறை தெரியும், கை காலை அசைக்க முடியாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஊரில் பேய் என்பார்கள். ஆர்.இ.எம். தூக்கத்தின் அந்தத் தசைத் தளர்ச்சி விலகுவதற்கு முன்னால் மூளை விழித்துக்கொள்வதுதான் அது, கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடும். போராடாமல் மூச்சை மெதுவாக விட்டு ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள். தெரியாமல் அனுபவித்தால் பயந்துபோவீர்கள், அதற்காகத்தான் முன்னாலேயே சொல்கிறேன்.

கேலன்டமைன் மாத்திரை போட்டால் நிச்சயம் வரும் என்று யாராவது சொல்வார்கள். அது அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்து, இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது. டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம். நிஜம் எது, நினைப்பு எது என்ற குழப்பத்துக்குச் சிகிச்சையில் இருப்பவர்களும் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்பது என் கருத்து.

வேப்பமரம்:

நான் வந்தது வேறு வழி, உங்களுக்கு உதவலாம். பைக் விபத்துக்குப் பிறகு ஒரு வருடம் எனக்கு லாரி வெளிச்சம் கண்ணில் அடிக்கும் கனவு. லூசிட் ஆக முயன்று பார்த்தேன், வரவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்தது இதைவிடச் சுலபம்: பகலில், நன்றாக விழித்திருக்கும்போது, அந்தக் கனவை நமக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதி, தினமும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. கெட்ட கனவுகளுக்குத் தூக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சிகிச்சைதான். நான் அந்த லாரியை நிறுத்தி டிரைவரை டீக்கடையில் இறக்கிவிடுகிற மாதிரி எழுதினேன். ஆறேழு வாரத்தில் அந்தக் கனவு வருவது குறைந்தது, ஒரு தடவை நான் எழுதிய டீக்கடையே கனவில் வந்துவிட்டது.

அதனால் நீங்கள் கனவு என்று கண்டுபிடிப்பதற்காகவே காத்திருக்க வேண்டாம். திண்ணை ஏறுகிறேன், நிற்கிறேன், அப்பா பக்கத்தில் உட்காருகிறேன், இதையே பகலில் ஓட்டிப் பாருங்கள். தெரியாமல் கண்ட கனவில்கூட உங்கள் கால் தானாக நிற்கலாம்.

தாமிரபரணி:

மூன்று பேருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். சனிக்கிழமை ராத்திரி மட்டும் அலாரம் வைத்தேன். பகலில் திண்ணைக் காட்சியை ஓட்டிப் பார்த்தேன், டவுன் பஸ்ஸில் டிக்கெட்டை இரண்டு தடவை படிப்பது பழக்கமே ஆகிவிட்டது. ஐந்து வாரம் ஒன்றுமே இல்லை. அப்பா ஒரு தடவை வந்தார், நான் வழக்கம்போலத் தாண்டிப் போய்விட்டேன்.

போன ஞாயிறு விடியற்காலையில் திண்ணை வந்தது. கால் தானாக நின்றது, வேப்பமரம் சொன்னது போலவே. உட்கார்ந்து டிக்கெட் கட்டை எடுத்தேன். முதலில் நாற்பத்தேழு என்று இருந்த மாதிரி ஞாபகம், திரும்பப் பார்த்தால் எண்ணே இல்லை, ஏதோ கோடுகள். தெரிந்துவிட்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது, காட்சி வெளுக்க ஆரம்பித்தது, கையைத் தேய்த்தேன், திண்ணை திரும்ப வந்தது. கேட்க வேண்டும் என்று எத்தனையோ வைத்திருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. "இன்னைக்கு கலெக்‌ஷன் எவ்வளவு அப்பா" என்றுதான் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு கைப்பிடி சில்லறையை என் கையில் கொட்டினார், கனம் தெரிந்தது. நானும் எண்ண ஆரம்பித்தேன். இரண்டு பேரும் எண்ணிக்கொண்டே இருந்தோம்.

அப்புறம் எழுந்து, விளக்கைப் போட்டு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். எழுதி முடித்ததும் மறுபடி முழிப்பு வந்தது. நோட்டு காலியாக இருந்தது! இது எப்படி?

பின்னிரவு:

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது தம்பி. நோட்டு விஷயத்துக்குப் பயப்படாதீர்கள், முழித்த மாதிரியே ஒரு கனவு அது, லூசிட் டிரீம் வருகிறவர்களுக்கு அடிக்கடி நடக்கும். இனிமேல் எழுந்ததும் முதல் வேலையாக மூக்கைப் பொத்திப் பாருங்கள். மூச்சு போனால் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள், திண்ணைக்குத் திரும்பிப் போக நேரம் இருக்கிறது.