குன்னூர் சமையலறை மொசைக் டைல்ஸ்: புதுப்பிப்பு

அடுப்பு மேடைக்கு மேல் சுவரில் கண்ணாடி மொசைக் ஒட்டலாமா, பெரிய செராமிக் டைல்ஸே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். குன்னூர் ஈரத்துக்கு எது தாங்கும் என்பதுதான் கவலை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மொசைக்கே ஒட்டியாகிவிட்டது.

வெளிர் பச்சைக் கண்ணாடி எடுத்தோம். தண்ணீரை உறிஞ்சாது, தாளிக்கும்போது தெறிக்கிற எண்ணெயும் ஒரு துடைப்பில் போய்விடுகிறது. சின்னச் சின்னச் சில்லுகளாக, பின்னால் வலை ஒட்டி, ஓரடிச் சதுரத் தாள்களாக வருகிறது. ஒட்டும் கம் வெள்ளையாகவே இருக்க வேண்டும். சாம்பல் நிறம் கண்ணாடி வழியே தெரிந்து பச்சையை மங்கடித்துவிடும். மேஸ்திரி பல் கரணையால் கம்மை இழுத்து, அந்தக் கோடுகளைத் தட்டையாகத் தேய்த்த பிறகுதான் தாளை அழுத்தினார். இல்லாவிட்டால் கோடுகளும் தெரியுமாம். அவ்வளவு அழகான கைவேலை!

சில்லுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளை அடைக்க எப்பாக்சி கிரவுட், அதாவது பிசின் கலந்த பூச்சு. விலை அதிகம்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். மொசைக்கில் இடுக்குகள் ஏராளம், சிமெண்ட் கிரவுட்டில் மஞ்சள் கறை ஏறினால் லேசில் போகாது. கண்ணாடி மேல் படிந்ததை உடனுக்குடன் துடைத்துவிட வேண்டும்.

அப்புறம், குளிர். கம் இறுக 24 மணி நேரம் என்று மூட்டையில் போட்டிருந்தது. "மலையில அது பத்தாதுக்கா, கூடவே விடுங்க" என்றார் மேஸ்திரி. விட்டோம், ஒரு சில்லுகூட அசையவில்லை.

மேடையும் சுவரும் சேரும் மூலை மட்டும் பாக்கி. அங்கே கிரவுட் விரிசல் விடும் என்பதால் சிலிக்கோன் பசை போடப்போகிறோம்.