வாடகை வீட்டில் 2,42,000 ரூபாய் நட்டம் காட்டியும் வரி குறையவில்லை. ஏன்?

சிங்காநல்லூரான்:
கோவையில் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். வேலை சென்னையில் என்பதால் இங்கே நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். 2024-25 நிதியாண்டில் வந்த வாடகை 1,44,000. சொத்து வரி 4,000 கட்டினேன். வங்கிக்குக் கட்டிய வட்டி 3,40,000. சம்பளம் 14 லட்சம். ஐடிஆர்-2 என்ற வருமான வரிப் படிவத்தில் வீட்டுச் சொத்துத் தலைப்பில் 2,42,000 நட்டம் வருகிறது. ஆனால் மொத்த வருமானத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எங்கே பிசகு? கெடு தேதி நெருங்கிவிட்டது.

பழைய பேரேடு:
வாடகைக்கு விட்ட வீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. முழு நட்டத்தையும் சம்பளத்தில் கழிக்கலாம். வலைத்தளக் கோளாறாக இருக்கும்; வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள்.

வரிக்கணக்கு:
பிரவுசர் மேல் பழி வேண்டாம். முழு நட்டத்தையும் கழிப்பது 2016-17 நிதியாண்டோடு நின்றுபோயிற்று. வட்டியை இன்றும் முழுதாகக் காட்டலாம். ஆனால் அதனால் வரும் நட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம்தான் மற்றத் தலைப்பு வருமானத்தில் கழியும். மீதி அடுத்த 8 ஆண்டுகளுக்குப் போகும்.

அதுவும் கழிவுகள் நிறைய உள்ள பழைய வரி முறையில்தான். விகிதமும் கழிவுகளும் குறைந்த புதிய முறையில் வீட்டு நட்டம் சம்பளத்தைத் தொடவே தொடாது. இப்போது புதிய முறைதான் இயல்பாக வரும். நீங்களாக விலகினால்தான் பழையது. படிவத்தின் தொடக்கத்தில், புதிய முறையிலிருந்து விலகுகிறீர்களா என்ற கேள்விக்கு என்ன பதில் கொடுத்தீர்கள்? இன்னொன்று: வீடு எப்போது கைக்கு வந்தது, கடன் எப்போது வாங்கினீர்கள்?

சிங்காநல்லூரான்:
கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன், ஐயா. அலுவலகத்திலும் புதிய முறையில்தான் வரி பிடித்தார்கள். கடன் 2021இல், கட்டி முடித்துச் சாவி கொடுத்தது 2023 ஆகஸ்டில். 2023 மார்ச் வரை கட்டிய வட்டி 3,50,000. அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சென்ற ஆண்டு காட்டினேன்.

வரிக்கணக்கு:
அப்படியானால் இந்த ஆண்டுக்கான இரண்டாவது தவணை 70,000 விடுபட்டிருக்கிறது. கட்டுமானக் கால வட்டியை ஐந்து சம தவணைகளாக, வீடு முடிந்த ஆண்டிலிருந்து எடுக்க வேண்டும். வாடகையில் சொத்து வரி போக 1,40,000. அதில் 30 சதவீதக் கழிவு போக 98,000. மொத்த வட்டி 4,10,000. ஆக நட்டம் 3,12,000. பழைய முறையில் 2 லட்சம் சம்பளத்தில் கழியும், 1,12,000 முன்கொண்டு செல்லப்படும்.

அலுவலகத்தில் எந்த முறையில் பிடித்திருந்தாலும், தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கெடு தாண்டினால் பழைய முறைக்குப் போக வழியில்லை.

மாற்றுவதற்கு முன் கூட்டிப் பாருங்கள். நட்டத்தைக் கழிக்கும் ஆசையில் கூடுதல் வரி கட்டுபவர்கள் நிறைய. புதிய முறையில் உங்களுக்கு வரி, செஸ் சேர்த்து 1,09,200. பழையதில் 80சி (சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்கான கழிவு) 1,50,000 முழுதும் இருந்தாலும் 1,17,000! வீட்டு வாடகைப் படி விலக்கு உண்டா?

சிங்காநல்லூரான்:
உண்டு. என் கணக்கில் 1,20,000 வருகிறது. ரசீதுகள் இருக்கின்றன. 80சி-யும் முழுதாக உண்டு.

வரிக்கணக்கு:
அதுதான் தராசைச் சாய்க்கிறது. பழைய முறையில் 92,040 ஆகிவிடும், 17,160 மிச்சம். சொந்த வீடு கோவையில் வாடகைக்கு விடப்பட்டிருப்பதால் படி விலக்குக்கும் தடையில்லை. பழைய முறையைத் தேர்ந்து, முன்கொண்டு செல்லும் நட்டத்தைக் காட்டும் ஷெட்யூல் சி.எஃப்.எல். பகுதியில் 1,12,000 ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சிங்காநல்லூரான்:
ஏறிவிட்டது, நன்றி. வரியும் நீங்கள் சொன்ன தொகைதான். கடைசியாக ஒன்று: வீட்டை விற்றால் அந்த 1,12,000-ஐ விற்பனை லாபத்தில் கழிக்க முடியுமா?

வரிக்கணக்கு:
முடியாது. வீட்டுச் சொத்து வருமானத்தில் மட்டுமே கழியும். இந்த வீடுதான் என்றில்லை, வேறு வீட்டின் வாடகையாக இருந்தாலும் சரி.