துணிக் கண்காட்சிக்கு நிதி விருந்து: மெட் காலா போல வேண்டுமாம், எப்படி அமைப்பது?

ஈசூன் வாசுகி:

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் மகளிர் குழு தமிழ்நாட்டுக் கைத்தறித் துணிகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தப்போகிறது. உறுப்பினர் வீட்டுப் பெட்டிகளிலிருந்து கண்டாங்கி, சுங்குடி, பழைய காஞ்சிப் பட்டு என்று நல்ல சரக்கு வெளியே வந்திருக்கிறது. காட்சிப் பெட்டி, விளக்கு, காப்புறுதி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதற்காக ஒரு ஹோட்டலில் இருபது மேசை நிதி விருந்து. இருக்கைக்கு 250 வெள்ளி. அலங்காரப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

எங்கள் தலைவி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுக்கு ஆண்டுதோறும் நிதி திரட்டும் விருந்தான மெட் காலாவின் படங்களைக் கைப்பேசியில் காட்டி, "இப்படி வேண்டும்" என்கிறார். சிவப்புக் கம்பளம், தங்கத் தூண்கள், பனிக்கட்டி மயில், மேசைக்கு மேசை வெள்ளை ரோஜா. போதாததற்கு, உறுப்பினர்கள் பாட்டி காலத்துச் சேலைகளை உடுத்தி மேடையில் நடந்து வர வேண்டுமாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பனை செய்தால் எனக்குத் திருமண வரவேற்புதான் தெரிகிறது. மாப்பிள்ளை பெண் மட்டும் இல்லை.

விருந்து ஆடம்பரமாகவும் இருக்க வேண்டும், துணிக்கான விருந்து என்பதும் வந்தவர்களுக்குப் புரிய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? நாங்கள் பதிவு செய்த அறநிறுவனம்.

வரவு செலவு:

அலங்காரத்துக்கு முன் கணக்கு. அறநிறுவனம் என்றால் 30/70 விதி உண்டு. ஓர் ஆண்டில் நிதி திரட்டச் செய்யும் செலவு, திரட்டிய மொத்தத் தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

200 இருக்கை, 250 வெள்ளி: வரவு 50,000. செலவுக்கு உச்சவரம்பு 15,000. ஹோட்டல்காரர் மேசைக்கு 900 "பிளஸ் பிளஸ்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்தால் 1,079 வெள்ளி. இருபது மேசைக்கு 21,582. சாப்பாட்டிலேயே வரம்பு உடைந்துவிட்டது. மயில் எங்கே நிற்கும்?

மேசையை 5,000 வெள்ளிக்கு விற்றால் வரவு ஒரு லட்சம், வரம்பு 30,000. சாப்பாடு போக அலங்காரம், இசை, அச்சு எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். உங்களுக்கு ஐபிசி தகுதி (கொடையாளருக்கு வரிக்கழிவு பெற்றுத்தரும் பொது அறநிறுவனத் தகுதி) இருந்தால் கொடையாளருக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்கும். விலையை உயர்த்தும்போது அதைச் சொல்லுங்கள். கலை, மரபுடைமை அறநிறுவனங்கள் பெறும் ரொக்க நன்கொடைக்கு ஈடாக அரசாங்கம் கொடுக்கும் கலாசார இணை நிதிக்குத் தகுதி பெறுகிறீர்களா என்றும் இப்போதே விசாரியுங்கள்.

பந்தல்காரன்:

சகோதரி, முதலில் அந்த மயிலை விரட்டுங்கள். மேடை அலங்காரம்தான் என் பிழைப்பு. பனிக்கட்டிச் சிற்பத்துக்கும் துணிக்கும் என்ன உறவு என்று இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

உங்கள் தலைவி அந்தப் படங்களை இன்னொரு முறை பார்க்கட்டும். மெட் அருங்காட்சியகத்தின் நுழைகூடத்தில் பெரும்பாலும் பிரம்மாண்டமாக ஒன்றே ஒன்றுதான் நிற்கும். 2015இல் சீனா பற்றிய கண்காட்சிக்குப் பூக்களாலேயே ஆன ஒரு மாபெரும் நீல வெள்ளைச் சாடி நின்றது. மற்ற ஆடம்பரம் எல்லாம் வந்தவர்கள் உடம்பில் இருந்தது. அதற்கு விழாக் குழு ஒரு காசு செலவழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1948இல் ஃபேஷன் விளம்பரத் துறையைச் சேர்ந்த எலினோர் லாம்பர்ட் தொடங்கியபோது அது 50 டாலர் நள்ளிரவு விருந்து, அவ்வளவுதான். 1970களில் வோக் இதழின் முன்னாள் ஆசிரியர் டயானா வ்ரீலண்ட் உடைப் பிரிவின் ஆலோசகராக வந்த பிறகே கண்காட்சியின் கரு விருந்தின் கருவாகவும் ஆனது. விருந்தினர் கருவைப் படித்து, அதற்கேற்ப உடுத்தி வருகிறார்கள். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதை. கம்பளத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கு ஒரு கரு தருகிறேன்: நாராயண பிள்ளையின் துணிக்கடை. 1819இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து இங்கே வந்து இறங்கியவர். அவர் நிறுவிய சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில் என்றால் எல்லோருக்கும் அவர் நினைவு வரும். கிராஸ் ஸ்திரீட்டில் அவர் பருத்தித் துணிக்கடை வைத்திருந்ததும், 1822இல் அது தீக்கிரையானதும் பலருக்குத் தெரியாது. எரிவதற்கு முந்தைய நாள் அந்தக் கடை எப்படி இருந்திருக்கும்? அதற்குப் படம் கிடையாது. ஆகவே யாரும் வந்து தப்பு என்று சொல்ல முடியாது. அலங்காரக்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கூடத்தின் நுழைவில் தரையிலிருந்து கூரை வரை மரத் தட்டுகள், தட்டு நிறையத் துணிச் சுருள்கள். எட்டாயிரத்தில் பெரும்பகுதியை இந்த ஒற்றைச் சுவரில் போடுங்கள். உள்ளே தூண், வளைவு, பலூன் எதுவும் வேண்டாம். சிராங்கூன் சாலைக் கடைக்காரர்களிடம் சுருள்களைக் கேளுங்கள். விற்றது போக மிச்சத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னால் கொடுப்பார்கள். ஆம், விற்க வேண்டும். விருந்தின் பின்பாதியில் அந்தச் சுவரே கடையாகட்டும். கையில் நல்ல கத்தரிக்கோலும் கஜக்கோலும் உள்ள, துணி கிழிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை நிறுத்துங்கள். விருந்தினர் கண்முன் அவர் அளந்து, ஓரத்தில் சின்ன வெட்டுப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழிக்கும் ஓசை கேட்டால் பணக்காரர்கள் பர்சைத் திறப்பார்கள். சீட்டில் விலை எழுதிப் போடும் மௌன ஏலத்தில் ஸ்பா கூப்பன் வைப்பதைவிட இதில் வரவு அதிகம்.

மேசைக்கு எண் வேண்டாம். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு துணி வகை: கண்டாங்கி, சுங்குடி, மதராஸ் கட்டம், பவானி ஜமக்காளம், கலம்காரி. அழைப்பிதழுடன் உள்ளங்கை அளவில் அதே துணியின் துண்டு ஒன்றை அனுப்புங்கள். வருபவர் துண்டைப் பிடித்துக்கொண்டு தன் மேசையைத் தேடட்டும். சுங்குடியின் புள்ளிக்கும் கலம்காரியின் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உரையாற்றி விளக்கத் தேவையே இருக்காது.

உடைக்கு ஒரே விதி: சிவப்பு. சோழமண்டலக் கரையில் சாயவேரிலிருந்து எடுத்த அந்தச் சிவப்பு. எல்லோர் அலமாரியிலும் ஒரு சிவப்பு இருக்கும், புதிதாக வாங்கத் தேவையில்லை. "பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகர் உடை" என்று அழைப்பிதழில் போட்டுப் பாருங்கள், பாதிப் பேர் கோட்டும் சூட்டும்தான் அணிந்து வருவார்கள்.

விளக்குக்கும் இதே கவனம் தேவை. ஹோட்டலில் சும்மா தரும் வண்ண எல்இடியில் நீலம் அடித்தால் அத்தனை சிவப்பும் கறுத்துக் காய்ந்த ரத்தம்போல் ஆகிவிடும். இளமஞ்சள் வெளிச்சம் மட்டும், அதுவும் பக்கவாட்டிலிருந்து விழட்டும். நேர் எதிரே அடித்தால் நெசவு தெரியாது. சாய்த்து அடித்தால் பாவும் ஊடும் தனித்தனியே எழும்பி நிற்கும். இன்னொன்று: தொங்கும் துணிக்குத் தீத்தடுப்புப் பூச்சு உண்டா என்று ஹோட்டல் கேட்கும். எரிந்துபோன கடையைக் கருவாக வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு விழிக்காதீர்கள்.

நூல்காப்பு:

துணிப் பாதுகாப்பு வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். பாட்டி சேலைகளை உடுத்தி மேடையில் நடக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள். 2022 மெட் காலாவுக்குக் கிம் கர்தாஷியன், மர்லின் மன்றோ 1962இல் அணிந்த உடையை அணிந்து சென்றார். வரலாற்று உடைகளை யாரும் உடுத்தக் கூடாது என்று அனைத்துலக அருங்காட்சியக மன்றம் அதன்பின் அறிக்கையே விட்டது. பழைய பட்டு மடிப்பில்தான் முதலில் பிளக்கும், ஜரிகை கனமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். வியர்வை, வாசனைத் திரவியம், கொக்கி ஊசி இவற்றில் ஒன்று போதும்.

சேலைகளுக்குப் பதில், அவற்றை உடுத்திய பாட்டிகளின் புகைப்படங்களைப் பெரிதாக அச்சிட்டு வையுங்கள். அசல் சேலை கண்காட்சியில் 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில் படுத்திருக்கட்டும். கண்காட்சிக் கூடத்துக்குள் பூச்சரம், உணவு, பானம் எதுவும் வேண்டாம். மல்லிகையோடு பூச்சியும் உள்ளே வரும்.

தெம்பனிஸ் குமரன்:

எனக்கு ஒன்று புரியவில்லை. கண்காட்சிக்குப் பணம் வேண்டுமென்றால் நேராகக் கேட்டு வாங்கலாமே? சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு 500 வெள்ளிக்குச் சாப்பிட வேண்டுமா?

பந்தல்காரன்:

கேட்டுப் பாருங்கள் தம்பி. மெட் அருங்காட்சியகத்திலேயே உடைப் பிரிவுதான் தன் செலவுக்குத் தானே நிதி தேடிக்கொள்ள வேண்டிய ஒரே பிரிவு. 2025 விருந்தில் 3 கோடி டாலருக்கு மேல் திரண்டது. அதே மனிதர்களுக்குக் கடிதம் மட்டும் அனுப்பியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. பணமுள்ளவர் கொடுக்கவும் செய்வார், கொடுப்பதைப் பத்துப் பேர் பார்க்க வேண்டும் என்றும் நினைப்பார். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

ஈசூன் வாசுகி:

எல்லோருக்கும் நன்றி. துணிக்கடைக் கரு குழுவுக்குப் பிடித்துவிட்டது. கத்தரிக்கோல் பெரியவரும் தயார். தேக்கா மேல்மாடியில் தையற்கடை வைத்திருந்த எங்கள் உறுப்பினர் ஒருவரின் அப்பா. இரண்டு சந்தேகம். ஒன்று, சாப்பாடு. மெட் காலாவில் வெங்காயமும் பூண்டும் கூடாதாமே, வாய் மணக்கும் என்று? நம் ஊரில் அதைச் சொன்னால் கோவில் விசேஷம் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு, தலைவி மயிலை விடுவதாக இல்லை. தெரிந்த நிறுவனம் ஒன்று இலவசமாகத் தருமாம்.

வரவு செலவு:

இலவசம் என்று தனியாக எதுவும் கிடையாது. புரவலர் தருவதும் 30/70 கணக்கில் வரவாகவும் செலவாகவும் ஏறும். அதே நிறுவனத்திடம் மயிலுக்குப் பதில் ஒரு மேசை வாங்கச் சொல்லுங்கள்.

பந்தல்காரன்:

பூண்டு இருக்கட்டும். பிழிந்து தின்னும் எலுமிச்சை, சொட்டும் குழம்பு, மஞ்சள் எண்ணெய் மிதக்கும் கறி, இவற்றைத்தான் தவிர்க்க வேண்டும். மேசை விரிப்பும் விற்பனைக்கு உள்ள துணி. சைவம், ஹலால் இரண்டுக்கும் தனி மேசை போடாதீர்கள், துணித் துண்டு விளையாட்டு கெட்டுவிடும். எல்லா மேசைக்கும் இரண்டும் வரும்படி ஹோட்டலிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். சுருள்கள் எத்தனை தேவை என்று கூடத்தின் உயரம் தெரிந்தால் சொல்கிறேன். அளந்து அனுப்புங்கள்.