கிளிக் சத்தம், கன்ன வலி: பல்லைத் தேய்த்துக் கடியைச் சரிசெய்யலாமா?

கேள்வி: 28 வயதுப் பெண். 4 மாதமாக இடது கன்னத்தில் வலி, காலையில் அதிகம். தாடை மூட்டில் வலியில்லாத கிளிக். வாய் 44 மி.மீ. திறக்கிறது. தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் இடது இரண்டாம் கடைவாய்ப்பல் உரசுகிறது. தேய்த்துவிடலாமா? (பதில்களின் முன்னால் இருப்பவை பேசுவோரின் பட்டப்பெயர்கள்.)

கோரைப்பல்: தாராளமாக. ஆர்டிகுலேட்டிங் பேப்பரில் (கடிக்கும் இடத்தில் மை பதியும் தாள்) தடம் எடுத்து, உரசும் சரிவை மட்டும் மெல்லிய டைமண்ட் பர்ரால் எடுங்கள். ஒரே சிட்டிங். ஸ்பிளின்ட் (பற்களின் மேல் கழற்றி மாட்டும் உறை) செலவும் மிச்சம். இப்படி வலி இறங்கியவர்கள் ஏராளம்.

எனாமல் கட்சி: இறங்கியது எதனால் டாக்டர்? இந்த வலி தானாகவே ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நம்மிடம் வருகிறார்கள். எதைச் செய்தாலும் இரண்டு வாரத்தில் கொஞ்சம் தேறுவார்கள். கடி தேய்ப்பு இந்த வலியைத் தீர்க்கும், தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்று 2003 காக்ரேன் தொகுப்பாய்வு சொல்லிவிட்டது. தசை வலித்து இறுகியிருக்கும்போது தாடை கடிக்கிற இடமே மாறும். இன்று விழும் தடம் வலி போனபின் வேறிடத்தில் விழும். அப்போது மறுபடி தேய்ப்பீர்களா? போன எனாமல் முளைக்காது.

கோரைப்பல்: புது கிரவுன் உயரமாகி வலித்தால் அதையும் தொடக்கூடாதோ?

எனாமல் கட்சி: அதைத் தேய்த்தே ஆகணும், அது நாம் வைத்த கோளாறு. 15 வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்கும் பல் என்ன பாவம் செய்தது? முதலில் 2014 டிசி/டிஎம்டி (தாடை மூட்டு, தசைக் கோளாறுகளைக் கண்டறியும் அளவுகோல்) முறைப்படி மசெட்டரை (கன்னத்திலுள்ள மெல்லும் தசை) 1 கிலோ அழுத்தத்தில் 2 விநாடி அழுத்துங்கள். "இதே வலிதான்" என்றால் தசை வலி. (சமையலறைத் தராசில் விரலை அழுத்திப் பழகினால் 1 கிலோ கைக்கு வந்துவிடும்.) 40 மி.மீ.க்கு மேல் திறப்பதால் மூட்டுக்குள் மெத்தை போலிருக்கும் டிஸ்க் நழுவிப் பூட்டிக்கொண்டதாகவும் தெரியவில்லை. வலியில்லாத கிளிக்குக்குச் சிகிச்சையே வேண்டாம்.

பிசியோ: 3 மாதம் தாண்டிய தாடை வலிக்கு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, தசை முடிச்சைக் கையால் தளர்த்துவது, மனநடத்தை சிகிச்சை இவற்றை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி வாயை மெல்லத் திறந்து மூடுவது: வேளைக்கு 6 முறை, நாளைக்கு 6 வேளை. பகலில் உதடு மூடியிருக்கட்டும், பற்கள் தொடவேண்டாம். ஸ்பிளின்ட்டையே அந்த வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது.

மூட்டுக்காரர்: பாதிதான் சொன்னீர்கள். கழற்றி மாட்டும் ஸ்பிளின்ட்டுக்கு அது நிபந்தனையோடுதான் "வேண்டாம்" என்றது, தடை போடவில்லை. இரவில் பல் கடிப்பவருக்கு, வலி குறையாவிட்டாலும் பல் தேயாமலாவது இருக்கும். ஆனால் ஒழுங்காகச் செய்யணும்: கெட்டி அக்ரிலிக், எல்லாப் பல்லையும் மூடி, கடைவாயில் சுமார் 2 மி.மீ. தடிமன், எதிர்ப்பற்கள் அத்தனையும் சமமாகத் தொடணும். முன்பல்லுக்கு மட்டும் போடும் துண்டு ஸ்பிளின்ட்டைத் தொடர்ந்து மாட்டினால் கடைவாய்ப்பற்கள் எழும்பி முன்கடி திறந்துவிடும் (மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது). ரப்பர் மாதிரியான மெத்து வகையில் தடம் பார்த்து ஒழுங்காகத் தேய்ப்பது கஷ்டம்.

பிசியோ: பல்லைக் காக்க என்றால் சரி. வலிக்கு மருந்து என்று சொல்லி விற்காதீர்கள்.

கோரைப்பல்: சரி, பர்ரை வைத்துவிடுகிறேன். பயிற்சியிலும் குறையாவிட்டால்?

எனாமல் கட்சி: நோயைத்தான் மறுபடி பார்க்கணும். திறப்பு குறைந்துகொண்டே வந்தால் பாக்கு, குட்கா பழக்கம் கேட்டு, கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து நார்க்கயிறாகத் தட்டுப்படுகிறதா பாருங்கள். 50 தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து, நெற்றிப்பொட்டும் வலித்தால் அன்றே ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள்) எடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள். அது தமனி அழற்சியாக இருந்தால் பார்வையே போய்விடும்.