கார்மோனாவின் அஸ்திக் கலசம்: திறந்தது சரியா?

நிலாமுற்றம்:
ஸ்பெயினில் செவிய்யா பக்கம் கார்மோனா என்று ஓர் ஊர். 2019-இல் அங்கே ஒரு குடும்பம் வீட்டைப் புதுப்பித்தபோது, கிட்டத்தட்ட 2,000 வருஷமாக யார் கையும் படாத ரோமானியக் கல்லறை ஒன்று தரைக்கடியில் வெளிப்பட்டது. சுவரில் எட்டு மாடங்கள். ஆறில் அஸ்திக் கலசங்கள். அதில் ஒன்று ஈயப் பெட்டிக்குள் வைத்த கண்ணாடிக் கலசம். திறந்தால் சுமார் ஐந்து லிட்டர் செந்நிறத் திரவம், அதற்குள் ஓர் ஆணின் எரிந்த எலும்புகள், ஒரு தங்க மோதிரம். கோர்தோபா பல்கலைக்கழகத்து வேதியியலாளர்கள் ஆராய்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள்: அது வெள்ளை ஒயின், காலப்போக்கில்தான் சிவந்து போயிருக்கிறது. திரவமாகவே மிஞ்சிய ஒயின்களில் இதுதான் மிகப் பழையதாம்.

வந்த செய்தியெல்லாம் ஒயினைப் பற்றித்தான். குடிக்கலாமா, ருசி எப்படி இருக்கும் என்று பேசுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. யாரோ ஒருத்தர் தன் வீட்டு மனிதருக்காகக் கடைசியாக ஊற்றியது அது. அந்தக் கலசத்தைத் திறந்திருக்கவே கூடாது என்பது என் கட்சி.

கல்வெட்டுக்காரன்:
நான் மறுக்கிறேன். ரோமானியர்கள் மறந்துபோக விடுகிறவர்கள் இல்லை. நகருக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான பன்னிரண்டு பலகைச் சட்டம் தடை போட்டது. அதனால் ஊருக்கு வெளியே, சாலையோரமாகக் கல்லறை கட்டினார்கள். "வழிப்போக்கனே, நில்" என்று கல்லே கூப்பிடும். போகிற வருகிறவர் நின்று பெயரைப் படிக்க வேண்டும், அதுதான் ஆசை.

ரோமில் அப்பியா சாலையில் 1726-இல் ஒரு பொதுக் கல்லறையைத் தோண்டினார்கள். முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டு அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் அங்கே இருந்தார்கள். புறாக்கூடு மாதிரி வரிசையாகப் பொந்துகள், அவற்றுக்குள் சாம்பல் பானைகள். பெயரோடு தொழிலையும் எழுதியிருந்தார்கள்: கூந்தல் அலங்கரித்தவள், கம்பளி நூற்கிறவர்களுக்கு நிறுத்துக் கொடுத்தவர். தோண்டாமல் விட்டிருந்தால் அந்தப் பெண்ணை யாருக்குத் தெரியும்? கார்மோனாவிலும் இரண்டு கலசங்களில் ஹிஸ்பானா, செனிசியோ என்று பெயர் கீறியிருக்கிறது. இன்று நாம் தமிழில் அந்தப் பெயர்களைச் சொல்கிறோமே!

நிலாமுற்றம்:
அண்ணா, நீங்கள் சொல்வது வெளியே எழுதிய பெயரை. அது படிக்கத்தான். ஈயப் பெட்டிக்குள் மூடி வைத்தது யார் பார்க்க? எலும்பு வைத்த இடம் புனித இடம் என்பதும், அதைக் கலைப்பது குற்றம் என்பதும் அதே ரோமானியச் சட்டம்.

போன வருஷம் ஓர் அருங்காட்சியகத்தில் இதே மாதிரி கண்ணாடிக் கலசம் ஒன்றைப் பார்த்தேன். பச்சை ஓடிய கண்ணாடி, அடியில் உடைந்த சாக்குக்கட்டி போல எலும்புத் துண்டுகள். பக்கத்துப் பலகையில் கண்ணாடி ஊதும் முறையைப் பற்றி நாலு வரி. உள்ளே இருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாவின் அஸ்தியைக் கையில் வாங்கியபோது அந்தப் பானையில் இருந்த சூடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

வைகைக்கரை:
இரண்டு பேருக்கும் ஒரு சேதி. ரோமுக்குப் பக்கத்தில் லனூவியம் என்ற ஊரில் கி.பி. 136-இல் ஏழைகளும் அடிமைகளும் சேர்ந்த ஈமச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் விதிகள் கல்வெட்டாகக் கிடைத்திருக்கின்றன. சேரும்போது 100 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) பணமும் ஒரு ஜாடி நல்ல ஒயினும் தர வேண்டும், மாதாமாதம் சந்தா. செத்தால் சங்கம் 300 செஸ்டர்ஸ் செலவழித்து எடுத்துப்போடும். ஓர் அடிமை இறந்து, எஜமான் வன்மத்தால் உடலைத் தர மறுத்தால்? அவனுக்கு ஓர் உருவம் செய்து அதற்கே ஈமச்சடங்கு நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

கல்வெட்டுக்காரன்:
பார்த்தீர்களா, உடல் இல்லாமலே அவர்களால் நினைவைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது! எலும்பு எங்கே இருக்கிறது என்பதைவிட அவனை யார் நினைக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்குப் பெரிசு.

நிலாமுற்றம்:
அதே விதியை நான் நேர்மாறாகப் படிக்கிறேன். உடலைத் தராததை ஓர் அநியாயமாக நினைத்ததால்தானே அதற்கென்று தனியாக ஒரு விதி எழுதினார்கள்? உருவம் செய்தது வேறு வழியில்லாததால்தான்.

கல்வெட்டுக்காரன்:
சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். அதே கார்மோனா கல்லறையில் ஒரு பெண்ணின் கலசம். ஒயின் இல்லை, படிகக்கல்லில் குடைந்த சின்ன வாசனைச் சிமிழ், வாய் நன்றாக அடைத்தபடி. சோதித்தால் பச்சௌலி என்ற வாசனைச் செடியின் மணம். இந்தியாவிலிருந்து போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. பச்சௌலி என்ற சொல்லுக்கே அகராதிகள் தமிழில் வேர் காட்டுகின்றன. அவளுக்குப் பிடித்த வாசனை இதுதானோ என்று இன்று நினைக்க முடிகிறது. திறக்காமல் இது வருமா?

நிலாமுற்றம்:
வராது. அதை ஒப்புக்கொள்கிறேன். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் செல்வந்தர்கள் ரோமிலிருந்து பளிங்கு அஸ்திப் பேழைகளை வாங்கிப் போனார்கள். இன்று அவற்றில் பல காலி. சாம்பலைப் பொருட்டாக நினைத்தவர் குறைவு. கார்மோனாவில் அப்படிச் செய்யவில்லை, பொறுமையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் பார்த்து முடித்தாயிற்று. இனி அந்த ஒயினும் எலும்பும் மோதிரமும் ஒரே கலசத்துக்குத் திரும்ப வேண்டும். பலகையில் முதல் வரி ஒயின் அல்ல, அந்த மனிதராக இருக்க வேண்டும்.

கல்வெட்டுக்காரன்:
பலகை விஷயத்தில் உங்களோடு வருகிறேன் தங்கச்சி. மறுபடி மூடுவதற்கு மட்டும் வர மாட்டேன்.