1965 போன்டியாக் ஜிடிஓ: இன்ஜின் எழுத்தைப் படிக்க உதவுங்கள்

மிச்சிகனில் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் 1965 ஜிடிஓவை விற்கிறார். மேனுவல் கியர் வண்டி. பானட்டைத் திறந்தால் மூன்று கார்புரேட்டர்கள், பார்க்கவே ஆசையாக இருக்கிறது! ஆனால் அவை கம்பெனியிலேயே வந்தவையா, பிறகு யாராவது மாட்டியவையா?

அந்த வருடம் ஜிடிஓ என்பது லெமான்ஸ் காருக்கு ஒரு ஆப்ஷன்தான். அதனால் சேசிஸ் எண் உதவாது. இன்ஜின் பிளாக்கின் முன்பக்கம் பொறித்த எழுத்துதான் கதி. டபிள்யூஎஸ் என்றால் மூன்று கார்புரேட்டர், 360 குதிரைத்திறன். டபிள்யூடி என்றால் ஒன்றுதான், 335. இதில் இரண்டாம் எழுத்தைத் துரு தின்றிருக்கிறது. உப்புத்தாள் போட்டால் பொறிப்பே போய்விடுமோ என்று பயம்.

எழுத்து கெடாமல் துருவை எடுக்க என்ன பயன்படுத்துகிறீர்கள்? அப்புறம், கார்புரேட்டர் எண்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், படம் அனுப்புகிறேன்.