பஞ்சப்பூர் பக்கம் கத்திப்பாரா போன்ற மேம்பாலம் கேட்கலாமா?

புதூர்க்காரி எழுதியது:

எங்கள் வீடு திருச்சி எடமலைப்பட்டிபுதூரில். 2025-இல் பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறந்து பேருந்துகள் ஓடத் தொடங்கியதிலிருந்து மதுரை நெடுஞ்சாலை எங்களுக்கு வேறு சாலையாகிவிட்டது. என் மகள் ஒன்பதாம் வகுப்பு. சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தச் சாலையைக் கடந்துதான் டியூஷனுக்குப் போகிறாள். நடுத்திட்டில் அவள் நிற்கும்போது லாரிக் காற்றில் துப்பட்டா முகத்தில் வந்து அப்பிக்கொள்ளும். அதை விலக்கக் கையை எடுத்தால் சைக்கிள் சாயும். இந்தப் பக்கம் நின்று தினமும் பார்க்கிறேன்.

நலச்சங்கத்தில் மனு எழுதுகிறோம். “சென்னை கத்திப்பாரா போன்ற மேம்பாலம் வேண்டும்” என்று ஒரு வரி. கையெழுத்துப் போடுவதற்கு முன் சென்னைக்காரர்களைக் கேட்டுவிடலாம் என்று வந்தேன். அங்கே உண்மையில் நெரிசல் குறைந்ததா?

பழைய ஓட்டுநர் எழுதியது:

அம்மா, கத்திப்பாரா வழியாகப் பல வருடம் பேருந்து ஓட்டியவன் நான். மேம்பாலம் 2008-இல் முழுமையாகத் திறந்தது. அதற்கு முன் நேரு சிலையைச் சுற்றி வருவதற்குள் எஞ்சின் சூடேறிவிடும். எந்தப் பக்கத்து வண்டிக்கு வழி விடுவது என்று போலீஸ்காரரே திணறுவார். பாலம் வந்தபின் நேராகப் போகும் வண்டிகள் நிற்காமல் போயின. அந்தப் பயன் பெரிது, மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பாலத்தின் வளையங்களை, அதாவது வட்டமாகச் சுற்றிப் போகும் நாலு பாதைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். வலப்பக்கம் போக வேண்டியவன் சந்திப்பைத் தாண்டிப்போய், இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றி அடுத்த சாலையில் சேர வேண்டும். நிறைபாரத்தோடு அந்தச் சுற்றில் போனால் நின்றுகொண்டு வருபவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சாய்வார்கள். ஒருமுறை ஒரு பாட்டியின் கீரைக்கூடை பின் இருக்கையிலிருந்து என் கியர் பெட்டிவரை வழுக்கி வந்தது. அன்று முதல் அங்கே ஊர்ந்துதான் போவேன்.

சிக்கல் வளையத்தின் வாயில். ஒரு வளையத்திலிருந்து வெளியே வருகிறவன் வலப்பக்கம் சேரப் பார்க்கிறான். அடுத்த வளையத்துக்குள் போகிறவன் அதே இடத்தில் இடப்பக்கம் ஒதுங்குகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு போக நாலைந்து பேருந்து நீளம்தான் இடம். காலை ஒன்பது மணிக்கு நெரிசல் அங்கேதான் பிறக்கும். முன்பு சிலையடியில் நின்றோம், பிறகு வளைய வாயில் நின்றோம்.

ஆலந்தூர்வாசி எழுதியது:

ஓட்டுநர் ஐயா வண்டிக்காரர் பக்கம் சொல்லிவிட்டார். நான் நடப்பவள், சகோதரி. பாலம் வந்தபின் எதிர்ப்பக்கம் போக எத்தனை இறங்குபாதைகளைத் தாண்ட வேண்டியிருந்தது தெரியுமா? இறங்கிவரும் வண்டிக்கு வேகம் குறையாது, நமக்குச் சிக்னலும் கிடையாது. என் மாமியார் முழங்கால் வலிக்காரர். எதிர்ப்பக்க மருந்துக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். 2015-இல் மெட்ரோ வந்தது, 2021-இல் பாலத்தடியில் பேருந்து நிற்கவும் மக்கள் உட்காரவும் சதுக்கம் அமைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் மனிதர் கால் வைக்க முடிந்தது. பாலம் திறந்து 13 வருடம் கழித்து! உங்கள் மகளுக்கு அவ்வளவு நாள் பொறுமை இருக்குமா? மனுவில் நடைபாதையை முதல் வரியாக வையுங்கள்.

சாலைப்பணிக்காரன் எழுதியது:

நாலு முனைச் சந்திப்பில் நேர், இடம், வலம் என்று மொத்தம் 12 ஓட்டங்கள். எந்த ஓட்டத்தில் எத்தனை வண்டி என்று எண்ணாமல் பாலத்தின் வடிவத்தைக் கேட்காதீர்கள். ஒரே ஒரு வலத்திருப்பம்தான் சாலையை அடைக்கிறது என்றால், அதற்கு மட்டும் ஒரு தனி மேம்பாலக் கை போதும். நாலு வளையங்களுக்கு நிலம் ஏக்கர் கணக்கில் போகும், வீடுகளும் போகும். வளையம்தான் தீர்வு என்று ஆனால், வெட்டிக்கொள்ளும் வண்டிகளுக்குப் பிரதான சாலையை ஒட்டித் தனி வழி கேளுங்கள். ஓட்டுநர் சொன்ன சிக்கலுக்கு மருந்து அதுதான். சைக்கிள் போகிற அகலத்தில், மழைநீர் தேங்காத சுரங்கப்பாதையையும் சேர்த்துக் கேளுங்கள். பாலம் கட்டியபின் அதைக் குடைவது பெரும்பாடு.

புதூர்க்காரி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மாமியார் மருந்துக்கடையை விட்ட செய்தியைச் சங்கத்தில் படித்துக் காட்டினேன். “கத்திப்பாரா போன்ற” என்ற சொல்லைச் செயலாளரே பேனாவால் அடித்துவிட்டார். சுரங்கப்பாதை முதல் வரிக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை எட்டு முதல் பத்து வரை நாலு முனையிலும் ஆளுக்கொரு நோட்டோடு உட்கார்ந்து வண்டி எண்ணப் போகிறோம். சாலைப்பணிக்கார அண்ணா, ஷேர் ஆட்டோவை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பேருந்தோடா, காரோடா?